கழிவுநீரும் கீரையும்: கணக்கில் வராதவர்களின் வரலாறு

காய்கறியில் ஈயம் இருக்கிறது, கீரையில் காட்மியம் இருக்கிறது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படித்தவர்கள் ஒரு வாரம் பயப்படுகிறார்கள். ‘நாலு தண்ணி ஊத்தி நல்லா அலசிட்டு ஆக்குங்க’ என்று யாராவது ஒரு நிபுணர் யோசனை சொல்கிறார். அத்தோடு சரி. அந்தக் கீரைப் பாத்திக்குச் சாக்கடைத் தண்ணியை மடைமாற்றி விட்டது யார், அந்தச் சேற்றில் வெறுங்காலோடு குந்திக் களை பறித்தது யார், சந்தைக்குப் போகாமல் மிஞ்சியதை மடியில் கட்டிக்கொண்டு வந்து ஆக்கித் தின்றது யார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. நஞ்சைப் பற்றிய பேச்சு முழுவதும் வாங்கித் தின்கிறவரின் பேச்சாகவே இருக்கிறது. விளைய வைக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் இந்த வரலாறு வேறு மாதிரி தெரியும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களான நாம் அப்படிப் பார்த்தே ஆக வேண்டிய நேரம் வந்திருக்கிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கீரையிலிருந்தே தொடங்குவோம். தமிழ் படித்தவர்களுக்குச் சிறுபாணாற்றுப்படை தெரியும். கிணை கொட்டும் குடும்பத்துப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாட்டிலும் குப்பைக்கீரை வருகிறது. அங்கேயும் உப்பில்லை. ‘வறுமையின் சித்திரம்’ என்று வகுப்பில் பாடம் நடத்துவார்கள், தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி வரும். நமக்கு இதில் தெரிவது இன்னொன்று. பறையின் இனமான கிணையை அடித்தவர்களின் சோறு, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே, அடுத்தவர் கழித்துப் போட்ட இடத்திலிருந்து வந்திருக்கிறது. ஆனால் அன்றைய குப்பையில் இருந்தது சாணி, சாம்பல், சருகு. அது உரம். அதில் முளைத்ததைத் தின்றவர்களுக்கு அவமானம் இருந்தது, நஞ்சு இல்லை.

இன்றைக்கும் நம்ம பக்கத்தில் பருத்திக் கொல்லையிலும் சோளக் கொல்லையிலும் களை பறிக்கப் போகிற பெண்கள் பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் தனியாக ஒதுக்கி மடியில் போட்டுக்கொள்கிறார்கள். ஏரிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் சாக்கடை தேங்கும் இடத்திலும் பொன்னாங்கண்ணி தானாகப் படர்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கிற கறி இதுதான். இது எந்தக் கடைக்கும் வராது, எந்தத் தராசிலும் ஏறாது. அதனால் எந்த உணவு ஆய்வாளரும் இதிலிருந்து மாதிரி எடுக்கப் போவதில்லை. சந்தைக் கீரையையே சோதிக்காத நாட்டில் மடிக்கீரையை யார் சோதிப்பார்கள்?

சாக்கடைத் தண்ணியில் விளைந்த கீரை பார்க்க நல்ல பச்சையாக, தளதளவென்று இருக்கும். காரணம் எளிது. மனிதக் கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. உரம் வாங்க வேண்டாம், மழைக்குக் காத்திருக்க வேண்டாம், கோடையிலும் தண்ணி நிற்காது. கிணறு வற்றிய குத்தகைக்காரர் சாக்கடையைத் தேடிப் போவது பேராசையால் அல்ல. அவருக்குக் கிடைக்கிற தண்ணி அதுதான். சிக்கல், அந்தச் சாக்கடையில் மலமும் குளித்த தண்ணியும் மட்டும் வருவதில்லை என்பதில் தொடங்குகிறது. முலாம் பூசும் பட்டறையிலிருந்து நிக்கலும் காட்மியமும் வருகின்றன. பழைய பேட்டரியை உருக்குகிற இடத்திலிருந்து ஈயம் வருகிறது. தோல் பதனிடும் ஆலையிலிருந்து குரோமியம் வருகிறது. மலம் மண்ணில் மக்கிவிடும். உலோகம் மக்காது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் வந்தது வந்தபடி மேல்மண்ணில் தங்கிக் கொண்டே போகும். தண்ணியை நிறுத்தினாலும் மண்ணில் சேர்ந்தது அங்கேயே கிடக்கும்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. காட்மியம் வேர் வழியாக ஏறி இலைக்குச் சுலபமாகப் போய்விடும். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும், ஆனால் தூசியாக இலை மேல் ஒட்டும். குரோமியமும் வேரைத் தாண்டி அதிகம் ஏறுவதில்லை, மண்ணிலும் கசடிலும் சேர்கிறது. பொதுவாகக் காயைவிடக் கீரையில்தான் உலோகம் அதிகம். அலசினால் மேலே ஒட்டிய தூசி போகும். உள்ளே ஏறியது போகாது. வேகவைத்தால் கிருமி சாகும், காட்மியம் சாகாது. புளிப்பு மண்ணில் உலோகம் கரைந்து செடிக்குப் போகும். நம்ம அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பிடித்து வைப்பது வேறு, ஒழிப்பது வேறு.

இலைக் காய்கறியில் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம், 0.3 மில்லிகிராம் ஈயம் என்பது கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் உச்ச வரம்பு. இந்தியாவில் 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இருந்த விதிகள் பொதுவாக 1.5 மில்லிகிராம் காட்மியத்தையும் 2.5 மில்லிகிராம் ஈயத்தையும் அனுமதித்திருந்தன. காட்மியத்தில் இது ஏழு மடங்குக்கு மேல். அந்த விதிகள் இருந்தவரை இந்தியக் குடலுக்கு ஏழு மடங்கு தாங்கும் சக்தி இருப்பதாகவே சட்டம் நினைத்துக்கொண்டிருந்தது.

யாருடைய குடல் தாங்காது என்பதையும் பார்க்க வேண்டும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் இரும்பைத் தேடி அதிகமாக உறிஞ்சும். அப்போது காட்மியத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதாவது ஒரே கீரையைத் தின்றாலும் ரத்தம் வற்றிய உடம்பில் நஞ்சு கூடுதலாகச் சேரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. களை பறித்து, நடவு நட்டு, கடைசியில் சாப்பிடுகிற பெண்கள் இதில் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ரத்தசோகைக்குக் கீரை தின்னு என்று செவிலியர் சொல்கிறார். சரியான யோசனைதான். அந்தக் கீரைக்கு என்ன தண்ணி பாய்ந்தது என்று கேட்கிற பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை.

இது வெறும் ஊகமில்லை. ஜப்பானில் டொயாமா பகுதியில் ஜின்ஸு ஆறு ஓடுகிறது. மேலே மலையில் மிட்சுயி நிறுவனத்தின் கமியோக்கா துத்தநாகச் சுரங்கம். அதன் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்றுத்தண்ணி வயலுக்குப் பாய்ந்து, நெல்லில் காட்மியம் ஏறியது. பல பிள்ளை பெற்று வயதான விவசாயப் பெண்களுக்கு எலும்பு நொறுங்கியது. இருமினாலே எலும்பு முறியும் நிலை. ‘இத்தாய், இத்தாய்’ என்று கதறினார்கள். ‘வலிக்குது, வலிக்குது’ என்று பொருள். நோய்க்கு அந்தக் கதறலே பெயராயிற்று. ஊர் வைத்தியர் நொபோரு ஹகினோ இதற்குக் காட்மியம்தான் காரணம் என்று 1960களின் தொடக்கத்திலேயே சொன்னார். 1968இல்தான் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது. 1971இல் பாதிக்கப்பட்டவர்கள் வழக்கில் வென்றார்கள். நஞ்சான வயல்களின் மண்ணை மாற்றிச் சீர்செய்கிற வேலை 2012இல்தான் முடிந்தது. 863 ஹெக்டேர். இவ்வளவும் நடந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே நோயாளிகளை ஒவ்வொருவராக எண்ணினார்கள். பெண்கள், கிராமத்தார், ஏழைகள்தான், ஆனாலும் கணக்கில் வந்தார்கள்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். செத்த மாட்டைத் தூக்கு, தோலை உரி, ஊறப்போடு என்று ஒரு கூட்டத்துக்கு வேலையை ஒதுக்கிவிட்டு, அந்த வேலையைச் செய்ததற்காகவே அவர்களைத் தீட்டு என்று ஒதுக்கியது சாதி. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில் அந்தத் தண்ணி நாறியது. ஆனால் பட்டை மக்கும், கடுக்காய் மக்கும். நாற்றம் இருந்த காலத்தில் நஞ்சு குறைவு. தொட்டால் தீட்டு என்று சொன்னவர்கள் அந்தத் தோலில் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணி சேந்தக் கூடாது என்று நம்மை விரட்டினார்கள். பொதுக்குளத்துத் தண்ணியை அள்ளிக் குடிக்க 1927இல் மகாத் சவ்தார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. தண்ணியை நாம் தொட்டால் கெட்டுவிடும் என்றவர்கள், தண்ணி உண்மையிலேயே கெட்டபோது என்ன செய்தார்கள் என்பதைத்தான் பாலாறு சொல்கிறது.

1970களின் தொடக்கத்தில் இந்திய அரசு, சீத்தாராமையா குழுவின் பரிந்துரைகளையொட்டி, பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலாக, செருப்பாக, பையாக விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆலைகளில் ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமியத்தில் ஒரு நாளில் முடியும். ஆனால் பழைய முறையில் போடுகிற குரோமியத்தில் தோல் குடிப்பது 60, 70 விழுக்காடுதான். மிச்சம் தண்ணியோடு வெளியே போகும். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பும் கூடவே போகும். ‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு’ என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். பாலாற்றில் அளக்காமல் போட்டார்கள்.

ஈரவேலை என்று சொல்லப்படுகிற ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் இறங்குவது, சதை வழிப்பது, கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ணுவது, எல்லாம் பெரும்பாலும் சேரிக்காரர்கள் தலையில் விழுந்தது. சம்பளம் வாங்கிய கையில் புண் வந்தது. அதே சேரியின் இன்னொரு பாதி கழனியில் கூலிக்கு நின்றது. அந்தக் கழனிக்குத்தான் அந்த ஆலைத் தண்ணி ஓடியது. நன்செய்யைப் பேச்சில் நஞ்சை என்போம். பாலாற்றங்கரையில் அந்தச் சொல் பேச்சு வழக்கைத் தாண்டி உண்மையாகவே ஆகிவிட்டது.

1991இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டின் சட்டத்தின் பகுதியே என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிற தீர்ப்பு அது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வை மேற்கோள் காட்டியது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் பதிவு செய்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி, சுமார் 170 வகை வேதிப்பொருள் என்ற கணக்கும் அதில் உண்டு. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட ஆலைகள். அந்த ஐந்து மாவட்டப் பட்டியலை வாசிக்கும்போது நாம் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். ஒன்று, வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆமாம், நஞ்சாக்கப்பட்ட அந்த மண்ணுக்கு அன்று அண்ணலின் பெயர் இருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை நீக்கியபோது அந்தப் பெயர் போனது. கசடு போகவில்லை. இன்னொன்று, திருச்சி மாவட்டம். 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் அதற்குள்தான் இருந்தன. இது யாரோ எங்கோ பட்ட பாடு இல்லை.

தீர்ப்பின்படி ஓய்வுபெற்ற நீதிபதி பாஸ்கரன் தலைமையில் சூழல் இழப்புக்கான ஆணையம் அமைந்தது. 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் நட்டஈடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மீதியை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று தமிழ்நாட்டு அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் மனு போட்டு 34 ஆண்டு. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று பிள்ளை இருக்கும்.

பணம் தாமதமானதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஆணையம் கணக்கெடுத்தது எதை? கெட்டுப்போன நிலத்தை, குறைந்த விளைச்சலை. ஹெக்டேரில் தொடங்குகிற கணக்கில் பட்டா உள்ளவர் பெயர் வரும். நிலம் கெட்டதால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் போய், நூறு நாள் இருந்த கூலி இருபது நாளாகச் சுருங்கிய பெண்ணின் பெயர் எந்தப் பத்தியில் வரும்? வாய்க்கால் மேட்டுப் பொன்னாங்கண்ணியைப் பறித்துத் தின்ற குடும்பத்தின் இழப்பை எந்த அளவுகோலால் அளப்பது? பட்டாவே இல்லாமல் போன கதையும் நமக்குத் தெரியும். 1892இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று கொடுத்த பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போயின. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலத்தைப் பறித்தவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நிலம் கெட்டபோது நட்டஈடு அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் போகிறது. முதல் அநியாயமே இரண்டாவது அநியாயத்துக்குச் சான்றிதழாகிறது.

உயிருக்கும் இதே கதைதான். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற ஆலை சுமார் இருபது ஆண்டு ஓடிவிட்டு 1990களின் நடுவில் நின்றது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் குவித்து வைத்துவிட்டுப் போனது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணி ஓடும். 2006இல் வெளிநாட்டு அமைப்பு ஒன்று உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2015 ஜனவரி 31 அன்று அதே ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உள்ளூர்ச் சேரி போதாதென்று தூரத்து வறுமையையும் அந்தக் குழிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய தொட்டி அது. ஆறு சுத்தமாக வேண்டுமென்றாலும் செத்துப்போகிறவர்கள் இவர்களாகவே இருக்கிறார்கள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன விசயத்துக்கு வருகிறேன். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணித் தொழில் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023இல் அங்கே உற்பத்தியும் தொடங்கிவிட்டது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் தைவான் நாட்டு டீன் ஷூஸ் நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல். ஆயிரம் கோடி முதலீடு, பதினைந்தாயிரம் பேருக்கு வேலை, அதில் பெண்களுக்கே பெரும்பங்கு என்கிறார்கள். வரட்டும். திருப்பூருக்கும் சென்னைக்கும் போய் அறைக்கு எட்டுப் பேராகக் கிடந்த நம்ம பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்தில் மாதச் சம்பளம் கிடைத்தால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இவை தோல் பதனிடும் ஆலைகள் அல்ல, தோல் அல்லாத காலணி செய்கிறவை. ஆகவே நாளைக்கே மருதையாற்றில் குரோமியம் ஓடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமில்லை. சொல்ல வருவது வேறு. ஒரு தொழில் வந்து, அதைச் சுற்றிப் பத்துத் தொழில் வந்து, ஊர் பெருத்து, சாக்கடை பெருத்து, அந்தச் சாக்கடை ஏதோ ஒரு ஏரிக்குள் இறங்கும்போது அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பாலாற்றுக்காரர்களுக்குத் தெரியவில்லை. 1970களில் அந்த மண்ணில் எவ்வளவு குரோமியம் இருந்தது என்று யாராவது சேரி சேரியாக அளந்து எழுதி வைத்திருந்தால், ஆணையம் வரக் கால்நூற்றாண்டு ஆகியிருக்காது.

இன்றைய நிர்வாகத்தை நம்பலாமா? ஒவ்வொரு அலுவலகமும் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. 1982இல் உருவான மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் குழாய் வாயில் தண்ணியை எடுத்துப் பார்க்கும். அந்தத் தண்ணி குடித்த கீரையைப் பார்க்காது. உணவுப் பாதுகாப்புத் துறை கடைச் சரக்கைப் பார்க்கும், மடிக்கீரையைப் பார்க்காது. வேளாண் துறை மண்ணைப் பார்க்கும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமம் என்று பன்னிரண்டு. ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, குரோமியம் இல்லை. விளைச்சலுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற அட்டை, தின்கிறவருக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அந்த அட்டையும் நிலம் உள்ளவர் கைக்குத்தான் போகும். சுகாதாரத் துறை ரத்தசோகைக்கு மாத்திரை கொடுக்கும், ரத்தத்தில் ஈயம் பார்க்காது. நாலு துறைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் சேரி இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் தலித் மக்கள் சுமார் 31 விழுக்காடு. மூணு பேரில் ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பேர் இருந்தும், ஒரு தொழிற்பேட்டை வரும்போது நம்மிடம் கேட்கப்படுவது வேலை வேண்டுமா என்ற ஒரே கேள்விதான். திருப்பிக் கேட்க நம்மிடமும் சில கேள்விகள் இருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வேங்கைவயல் சேரிக் குடிநீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலந்திருந்தது தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. அதிரத்தான் வேண்டும். மலம் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். காட்மியத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கு அளவுதான் சாட்சி.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய புரட்சி எதுவுமில்லை. எறையூரையும் ஜெயங்கொண்டத்தையும் சுற்றியுள்ள ஊர்களில், ஊர்க் கிணறு, சேரிக் கிணறு இரண்டிலும் தனித்தனியாக, ஏரித் தண்ணியிலும் வாய்க்கால் மண்ணிலும் பொன்னாங்கண்ணியிலும் ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் எவ்வளவு என்று இப்போதே அளக்கச் சொல்ல வேண்டும். இனிமேல் ஏறினால் எதிலிருந்து ஏறியது என்று காட்ட அந்த முதல் அளவு வேண்டும். முடிவைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொருமுறை மறுபடி அளக்க வேண்டும். நாளை கேடு வந்தால் நட்டஈட்டுப் பட்டியல் பட்டாவிலிருந்து தொடங்காமல் குடும்ப அட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்று இன்றே தீர்மானம் போட வேண்டும். கூலிக்காரர், குத்தகைக்காரர், ஆலைக்குள் ஈரவேலை செய்பவர், வெளியூரிலிருந்து வந்து கொட்டகையில் தங்கியிருப்பவர், எல்லாரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் கீரையை விட்டுவிடாதீர்கள். நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இரும்பும் சுண்ணாம்பும் பெரும்பாலும் அதிலிருந்துதான். நகரத்துச் சாக்கடை ஓரத்தில் பறிப்பதை நிறுத்துங்கள், கொல்லைக் கீரையைப் பறியுங்கள், நன்றாக அலசுங்கள். இதற்கு மேல் ஒரு தாயால் அடுப்படியில் செய்ய முடிவது ஒன்றுமில்லை. மிச்சத்தைக் கிராம சபையில்தான் செய்ய வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் தெருக் கிணற்றுத் தண்ணியை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். இதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து, அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.